உப்புக்காரர் வீட்டு மாப்பிள்ளை

எங்கள் ஊரில் ஒருவனுக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் இல்லை. பெற்றவர்கள் வைப்பது ரேஷன் கார்டுக்கான பெயர். மரக்காணம் பஸ் நிலையத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தரும் வழி காட்டமாட்டார்கள். ஆள் என்ன வேலை செய்கிறான் என்று பார்த்து ஊர் வைப்பதுதான் பெயர். பஞ்சர் ஆரோக்கியராஜ். ஐஸ் மரியதாஸ். வேலை போனாலும் பெயர் போகாது. மரியதாஸ் ஐஸ் வண்டியை விற்றுவிட்டு எக்கியார்குப்பத்தில் படகில் பங்கு வாங்கிப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஐஸ் மரியதாஸ்தான். அவர் மகன் கப்பலில் எஞ்சினியர், அவனும் ஐஸ் ஜான்சன். சொத்து என்று வேறு ஒன்றும் இல்லாத வீட்டிலும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வந்து சேரும்.

வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் பின்னால் வால் மாதிரி தொங்குகிறது. எங்களுக்கு முன்னால் கொம்பு மாதிரி முளைக்கிறது. இந்த வித்தியாசம் புரியாத ஒரு கம்ப்யூட்டரோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் சந்தியா. இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் எடுக்க வருகிறவர்களிடம் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால், "இன்னும் கல்யாணமே ஆவலம்மா, குடும்பத்துக்கு எங்க போறது" என்பார்கள். கடைசியில் அப்பா பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டு அனுப்புவோம். அப்படிப் போட்டதால்தான், என் அக்கா ஜெயப்ரியா ஜெர்மனிக்கு நர்ஸாகப் போனபோது அவள் சட்டையில் 'சிஸ்டர் தட்சணாமூர்த்தி' என்று எழுதிக் குத்திவிட்டார்கள். அங்கே படுக்கையில் கிடக்கும் கிழவர்கள் எல்லாம் ஊசி போட எங்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்.

அப்பாவுக்கு இதில் ஏக சந்தோஷம். ஏனென்றால் உள்ளூரில் அவரை யாரும் வெறும் தட்சணாமூர்த்தி என்று கூப்பிட்டதே இல்லை. உப்பு தட்சணாமூர்த்தி. உப்பளத்தில் கொஞ்சம் பாத்தி குத்தகைக்கு வைத்திருக்கிறார். முதலாளி என்று பெயருக்குத்தான், விடியுமுன்னே பலகையோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவரும் அவர்தான். அம்மா சாமுண்டீஸ்வரியும் கூடவே இறங்குவாள். அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் 'ஏய் உப்பு' என்று கூப்பிட்டவர்களையெல்லாம் காம்பஸ் முனையால் குத்தியவள் அவள். இந்த உப்பே வேண்டாம் சாமி என்றுதான் பாஷை படித்து, பரீட்சை எழுதி, விமானம் ஏறினாள்.

ஏறினவள் போன வருஷம் போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்க வரும் மத்தியாஸ் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். கல்யாணம் மரக்காணத்தில்தான் நடக்கவேண்டுமாம்.

அம்மா ஒரு பொழுது அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என் தம்பி வருவானா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். அந்தத் தாய்மாமன் பெயர் கண்டக்டர் அசோகன். ஈசிஆரில் ஓடின ஒரு தனியார் பஸ்ஸில் ஒரு வருஷம்கூட முழுசாக வேலை பார்க்கவில்லை. ஆனால் அவர் போட்ட சத்தத்தை ஊர் மறக்கவில்லை. மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பார்!" என்று கத்துவாராம். அப்புறம் வானூருக்குக் குடிபோய் நிலத் தரகு பார்த்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைக்கு மாறினார். இப்போது யாராவது கண்டக்டர் என்றால் முகம் சுண்டிப்போகும். அதற்காகவே எல்லோரும் அழுத்திச் சொல்வார்கள்.

மாமா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். காபியைத் தொடாமல் கேட்டார். "பையன் என்ன ஆளு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு லிஃப்ட் மெக்கானிக் என்பது பதில் இல்லை. நல்ல ஆள் என்பதும் பதில் இல்லை. ஜாதியைக் கேட்கிறார்.

"ஜெர்மன்காரர் மாமா" என்றேன்.

"அது தெரியுது. ஜெர்மன்ல என்ன ஆளு?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "அக்கா, வெள்ளைக்காரன்னு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆளு தெரியாத வீட்டுக்கு நான் மாலை எடுத்துக் குடுக்க முடியாது. நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" அந்த நாலு பேரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கழுத்தை நெரித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

கோபம் அக்காவுக்காக மட்டும் இல்லை. எனக்கும் இதே கேள்வியால் ஒரு அடி விழுந்திருக்கிறது. எங்கள் பாத்தியில் என் அம்மாவோடு சேர்ந்து உப்பு வாருகிற அம்சவள்ளியின் மகன் தமிழரசன். மினி வேனில் உப்பு மூட்டை ஏற்றிப் புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டுகிறான். அந்த வண்டிக்கு எங்கள் ஊரில் குட்டி யானை என்று பெயர், ஆகவே அவனுக்குக் குட்டி யானை தமிழரசன் என்று பெயர். வண்டிக்கு வரி கட்ட எங்கள் மையத்துக்கு வருவான். வரி கட்டி முடிந்த பிறகும் வருவான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் சிரிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிடும், காரணமே தேவையில்லை. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னேன். அவர்கள் வீடு காலனியில் இருக்கிறது.

"அது வேற ஆளு" என்று மாமா முடித்துவிட்டார். அம்மா, "அவங்கம்மாவும் நானும் ஒரே பாத்தியில கால் வச்சவங்கதான், ஆனா..." என்று ஆரம்பித்தாள். அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. அதோடு மாமா, வானூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரபாகரன் என்ற ஒருவனை எனக்குப் பேசி வைத்துவிட்டார். அக்கா கல்யாணம் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் வெற்றிலை பாக்குத் தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அந்த முடிவை மாற்ற மேல்கோர்ட்டே கிடையாது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் ஆயுசுக்கும் ஜெராக்ஸ் சந்தியா.

அன்று சாயங்காலம் மையத்தில் கூட்டம் இல்லை. எரிச்சலில் மத்தியாஸின் முழுப் பெயரைப் போட்டுத் தேடினேன். மத்தியாஸ் சால்ட்ஸ்மன். தேடிக் கிடைத்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை ஆரோக்கியராஜ் பஞ்சர் ஒட்டுவதை விட்டு எட்டிப் பார்த்தார்.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, என்ன ஆளுன்னு கேட்டீங்களே. சால்ட்ஸ்மன்னா அவங்க பாஷையில உப்புக்காரன். உப்பு காய்ச்சறவன், உப்பு விக்கிறவன்."

அந்தப் பக்கம் மாமா குரலைத் தாழ்த்தினார். "பரம்பரையாவா?" என்றார்.

"பேரே அதான் மாமா. இன்னிக்கு நேத்து வச்ச பேர் இல்ல."

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறு எந்தெந்த நாட்டில் உப்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தேடச் சொன்னார். தேடினேன். இங்கிலீஷ்காரனிடம் சால்ட்டர் என்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரனிடம் சோனியே. குஜராத்தில் அகரியா. ஆந்திராவில் உப்பரா. நம்முடைய பழைய பாட்டுகளில் வண்டி கட்டிக்கொண்டு உப்பு விற்கப் போகிற உமணர். மாமாவின் கண் கலங்கிவிட்டது. "உலகம் பூரா சொந்தக்காரன் இருக்கறான் சந்தியா. நமக்குத்தான் விலாசம் தெரியல" என்றார்.

இவர் உப்பளத்தில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. வேட்டி அழுக்காகிவிடும் என்று வரப்பில்கூட நடக்கமாட்டார். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

அவர் நல்ல மனநிலையில் இருந்ததால் நான் மற்ற பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஸ்மித் என்றால் கொல்லன். டெய்லர் தெரிந்ததே. பாட்டர் என்றால் குயவன். பார்பர் என்றே குடும்பப் பெயர் உண்டு என்றதும் மாமா பதறினார்.

"பேர்லயே வச்சிருக்கானா? வெளிய சொல்லிக்கறானா?"

"அந்தப் பேர்ல பேங்க் மேனேஜர் இருப்பான் மாமா. வாசல்ல பித்தளைப் பலகையில எழுதி வச்சிருப்பான்."

"யார் பொண்ணு குடுப்பாங்க?"

"கேட்டு வாங்கிப் போவாங்க."

மாமா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "விவஸ்தை கெட்ட ஊர்" என்றார். ஆனால் உப்பு விஷயத்தில் அந்த ஊர் சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

உண்மையை நான் முழுக்கச் சொல்லவில்லை. ஐஸ் ஜான்சன் பெயரில் இருக்கிற ஐஸ் அவன் கையில் இல்லாத மாதிரி, மத்தியாஸ் வீட்டிலும் அவனுக்குத் தெரிந்தவரை யாரும் உப்பைத் தொட்டதில்லை. அவன் அப்பா மூக்குக்கண்ணாடி விற்றவர். அவனுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் டாக்டர் உப்பையே குறைக்கச் சொல்லியிருக்கிறார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அப்படியானால் அக்கா கட்டிக்கொள்ளப் போவது எதை என்று அவளையே கேட்டேன். போனிலேயே காம்பஸால் குத்துகிற மாதிரி திட்டினாள். உப்பே வேண்டாமென்று ஓடினவள், இன்னொருவன் பெயர்ப் பலகையில் உப்பு இருப்பதை அதுவரை யோசித்துப் பார்க்கவே இல்லையாம். காதலில் விழுந்தவர்களுக்குக் கண்ணோடு சேர்த்து அகராதியும் அவிந்துவிடும்.

மாமா பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் அடித்தார். 'உப்புக்காரர் இல்லத் திருமண விழா.' அப்பா படத்துக்குக் கீழே உப்பு தட்சணாமூர்த்தி. மாப்பிள்ளை படத்துக்குக் கீழே ஜெர்மனி உப்பு மத்தியாஸ்.

பிறகு பத்திரிகை வைக்கக் கிளம்பினார்கள். சொந்தக்காரர்களுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து நீட்டவேண்டும். மாமாவும் அப்பாவும் ஊர் முழுக்கத் தட்டோடு சுற்றினார்கள். உப்பளத்துக்கு வந்தபோது மட்டும் தட்டு காரிலேயே இருந்துவிட்டது. நான் அன்று அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். மாமா வரப்பின் ஓரத்தில் செருப்போடு நின்றபடி, அம்சவள்ளியிடம் ஒரு பத்திரிகையைக் கையால் நீட்டினார்.

அம்சவள்ளி சும்மா வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை. அவள் தும்மினால் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் ஆடும். இடுப்பில் கையை வைத்து, "தட்டு எங்க?" என்றாள்.

அப்பா குனிந்து உப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாமா அசரவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா தட்டெல்லாம்? நீங்க நம்ம ஆளுங்கதானே."

"நம்ம ஆளா?"

"பின்ன? இத்தனை வருஷமா ஒண்ணா உப்பு வாரறீங்க."

"சரி கண்டக்டரே" என்றாள் அம்சவள்ளி. "சொன்னது ஞாபகம் இருக்கட்டும்." பத்திரிகையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பலகையை எடுத்தாள்.

வைகாசி வெயிலில் மத்தியாஸ் வந்து இறங்கினான். நல்ல மனுஷன். நெட்டையாக இருந்தான், எல்லா வாசலிலும் தலையை இடித்துக்கொண்டான், இடித்த வாசலிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் வீட்டார் யாரும் வரவில்லை, வர வசதியில்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டுத் தரப்பையும் மாமாவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளைக்கூட அவரே வாங்கி அடுக்கினார்.

முதல் வேலையாக அவனைப் பாத்திக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கு மாமாவும் செருப்பைக் கழற்றினார், அதை அம்மா எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தாள். அம்சவள்ளி தன் பலகையை மத்தியாஸிடம் கொடுத்தாள். அவன் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். உப்போடு அடியிலிருந்த சேறும் சேர்ந்து எழும்பி, பால் மாதிரி இருந்த பாத்தி சாக்கடையாகிவிட்டது.

"பரவால்ல, பரவால்ல. ரத்தத்துல இருக்குது, பழகினா வந்துடும்" என்றார் மாமா.

"ரத்தத்துல இருக்கறது பிரஷராம், உங்க பொண்ணு சொல்லுது" என்றாள் அம்சவள்ளி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த இரண்டு பேரும் இப்படித்தான், பாத்தியில் நிற்கிற வரைக்கும் அக்கா தங்கை. வரப்பு ஏறிவிட்டால் அம்மா தன் தெருவுக்கு, அவள் தன் தெருவுக்கு.

அங்கேயே வைத்து மாமா அவனுக்கு இரண்டு பாடம் நடத்தினார். அக்கா ஜெர்மனில் மாற்றிச் சொன்னாள். ஒன்று, மேடையில் யார் தட்டு நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கவேண்டும், வாங்கியதும் பதிலுக்குத் தன் பக்கத்திலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுக்கவேண்டும். இரண்டு, கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்லவேண்டும். "நாம எல்லாம் ஒரே ஆளுங்க." மத்தியாஸ் அதை நாள் முழுக்கப் பழகினான். குளிக்கும்போதும் பழகினான். தெருவில் போன ஆட்டிடம்கூடச் சொல்லிப் பார்த்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் அல்லவா, ஒரு வேலையை அரைகுறையாக விடுவதே இல்லை.

எனக்கு அப்போது ஒரு திட்டம் இருந்தது. திட்டம் என்றால் பாதித் திட்டம். இந்த மாமா வாயாலேயே, ஊர் கேட்க, மைக்கில், உப்புக்காரன் எல்லாம் ஒன்று என்று சொல்லவைக்க வேண்டும். சொன்ன பிறகு நான் போய்த் தமிழரசன் பெயரைச் சொல்லிச் சண்டை போடவேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை. தமிழரசனிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். வெள்ளைக்காரனைப் பார்க்க வந்த கூட்டமே பாதி. தமிழரசன் தண்ணீர் கேன் இறக்கிவிட்டு மண்டப வாசலில் தன் வண்டியில் சாய்ந்து நின்றான். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. மாமாவின் சொந்தங்கள் வரிசையாக மேடை ஏறித் தட்டு நீட்டினார்கள். மத்தியாஸ் ஒவ்வொன்றையும் இரண்டு கையால் வாங்கி, பதில் தட்டு கொடுத்து, "நாம எல்லாம் ஒரே ஆளுங்க" என்றான். ஒவ்வொரு தடவையும் கைத்தட்டல். மாமா பூரித்துப்போய் மைக்கைப் பிடுங்கினார்.

"சொந்தங்களே! பையன் என்ன ஆளுன்னு சில பேர் கேட்டாங்க. இப்ப நான் சொல்றேன். பேர்லயே உப்பு இருக்குது! உப்பு வாரற கை எந்த நாட்டுல இருந்தாலும் அது நம்ம கை. உப்புக்காரன் எல்லாம் ஒரே ரத்தம். இதுல ஊர் என்ன, நாடு என்ன, கலர் என்ன!"

மண்டபம் அதிர்ந்தது. நான் மேடை ஓரத்தில் பூக்கூடையோடு நின்றிருந்தேன். இப்போது பேசவேண்டும். தினம் ஊரையே அதட்டி வேலை வாங்குகிற நான், கூடையில் இருந்த பூவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்சவள்ளி மேடை ஏறினாள். மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். கையில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், மடித்த புடவை ஒன்று. நடுவில் ஒரு குத்து கல் உப்பு.

மாமாவுக்கு என்ன ஏது என்று புரிவதற்குள் அவள் மத்தியாஸ் முன்னால் போய் நின்றாள். "மாப்ளே, நீ இந்த வீட்டு மூத்த மருமவன். என் பையன் தமிழரசனுக்கு இந்த வீட்டு ரெண்டாவது பொண்ணைக் கேட்டு வந்திருக்கறேன். தட்டு மாத்திக்கலாம்."

அவனுக்கு அதில் ஒரு வார்த்தை விளங்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது தட்டு. இரண்டு கையாலும் வாங்கினான். குனிந்து வணங்கினான். பக்கத்தில் மாமா அடுக்கி வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பெரிய குரலில், "நாம எல்லாம் ஒரே ஆளுங்க" என்றான்.

யாரும் கைத்தட்டவில்லை. பந்திக்கு இலை போட வந்தவன் இலைக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். வாசலில் தமிழரசன் வண்டியிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றதை நான் பார்த்தேன்.

"இது செல்லாது!" என்று மாமா கத்தினார். மைக் இன்னும் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது. "அவன் வெளியூர்க்காரன், அவனுக்கு என்ன தெரியும்? தட்டைத் திருப்பிக் குடு!"

"ஒரே ரத்தம்னு இப்பச் சொன்னது யாரு கண்டக்டரே?" என்றாள் அம்சவள்ளி. அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. "நீங்க நம்ம ஆளுங்கன்னு வரப்புல சொன்னது யாரு? அந்தப் புள்ள பேர்லதான் உப்பு இருக்குது. என் கால்ல இருக்குது பாரு." புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்துப்போன பாதம். குதிகால் வெடிப்புக்குள் வெள்ளையாக இருந்தது. "சோத்துல உப்பு போட்டுத் திங்கறவன்னா பதில் சொல்லு."

மாமா அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அந்த நாலு பேரைத் தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அது வேற."

அவ்வளவுதான். ஜெர்மனி, இங்கிலாந்து, குஜராத், ஆந்திரா என்று உலகத்தைச் சுற்றி வந்து கடைசியில் எங்கள் தெருமுனையில் நின்றுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூக்கூடையை அவர் மேல் வீசியிருப்பேன். ஆனால் அதற்குள் அப்பா மேடை ஏறிவிட்டார்.

அப்பா மேடையில் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் அதிகம் பேசவில்லை. மத்தியாஸ் கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நம்ம பாத்தி உப்பு" என்றார். "கல்யாணச் சாமான்ல முதல் சாமான் உப்பு. இந்தக் கல்யாணத்துக்குச் சாமி முன்னால வச்சோமே, அதுவும் இவ வாரினதுதான். அன்னிக்கு நான் தட்டு இல்லாம பத்திரிகை வச்சேன். அது தப்பு." தட்டை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். வாங்குவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிட்டார்.

மாமா மைக்கைக் கீழே வைத்தார். "அக்கா, அந்தத் தட்டு உள்ள போச்சுன்னா நான் வெளிய போறேன். காலையில மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளைப் பார்த்துக்க."

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். தம்பி வருவானா என்பதைத் தவிர இந்தக் கல்யாணத்தில் அவள் எதையும் கேட்கவில்லை. அவள் தட்டைப் பார்த்தாள். அம்சவள்ளியின் காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலையும் பார்த்தாள். பட்டுப்புடவைக் கரைக்குக் கீழே அதுவும் அப்படியேதான் வெடித்திருந்தது.

"போறதுன்னா போ தம்பி" என்றாள். "மாலையை நானே எடுத்துக் குடுத்துக்கறேன்." தட்டை இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, சீர்த் தட்டுகள் இருந்த அறைக்குள் எடுத்துப்போனாள். எங்கள் வீட்டுக்கு அம்சவள்ளி வீட்டிலிருந்து ஒரு தட்டு உள்ளே போனது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். கண்ணில் மை, மூக்கில் சளி, நிச்சயதார்த்த வீடியோவில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அக்காவும் அழுதாள். மத்தியாஸ் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாமா விறுவிறு என்று வெளியே நடந்தார். ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று செருப்பை மாட்டினார், கழற்றினார், போனை எடுத்துப் பார்த்தார். யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்கட்டும் என்று காத்திருந்தார். பந்தி ஆரம்பித்துவிட்டது. பிரியாணி வாசனை கேட்டுவரைக்கும் போயிருக்கும். போய் அவரைக் கூப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை, அம்மாகூட.

கடைசியில் அம்சவள்ளிதான் எழுந்தாள். போகிற வழியில் வாசலில் நின்ற தமிழரசன் சட்டையைப் பிடித்து, "நீ என்னா இங்க? போய் உக்காரு" என்று உள்ளே தள்ளினாள். பிறகு கேட்டில் நின்ற மாமாவைப் பார்த்து, ஈசிஆர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"உள்ள வா கண்டக்டரே, உள்ள வா. நடுவுல எடம் இருக்குது பார்."